திறக்கவா, இருக்கட்டுமா

வரிசையில் உலகம்மாளுக்கு முன்னால் இருபத்துமூன்று பேர் நின்றார்கள். எண்ணி முடித்த கையோடு மறுபடியும் எண்ணினாள். இருபத்துமூன்றுதான், ஒருவர்கூடக் குறையவில்லை. வருஷத்தின் கடைசி நாள். ஏழிலைமலை மந்திரப் பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் காலைப் பலகாரம் முடிந்ததும் (பலகாரமாம், கல்லு கல்லாக நான்கு இட்லி, காற்றில் விளக்கேற்றத் தெரிந்த வாத்தியார்கள் இத்தனை பேர் இருந்தும் இட்லியை மெத்தென்று ஆக்குகிற மந்திரம் ஒருவருக்கும் தெரியவில்லை) குடுவை அறைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். ஆனி மாதம் பள்ளியில் சேர வந்த அன்று வாசலில் ஒப்படைத்த ஆளை இன்று திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ஆள் என்றால் ஆளையே அல்ல, ஆளைப் பற்றிய நினைப்பை. யார் இல்லாமல் உன்னால் இருக்கவே முடியாதோ அவரை விட்டுவிட்டு உள்ளே வா என்று வாசல் கல்லில் வெட்டியிருக்கிறது. பெயரைச் சொன்னதும் வடிவு டீச்சர் ஒரு சின்ன மண்குடுவையை வாயருகே பிடிப்பார். ஒரு மூச்சு விட வேண்டும். அவ்வளவுதான், அந்த ஆளின் முகம், குரல், நடை, அவர் மேல் வைத்த ஆசை, எல்லாம் உள்ளே போய்விடும். மூடி போட்டு, மஞ்சள் நூல் சுற்றி, அலமாரியில் வைத்துவிடுவார்கள். அங்கே அது இருக்கிற பலத்தில்தான் இங்கே பிள்ளைக்கு மந்திரம் வரும். ஆசை எவ்வளவோ மந்திரமும் அவ்வளவு. கொடுக்கப்பட்டவருக்கு ஒன்றும் மறக்காது, அவர் பாட்டுக்கு ஊரில் எல்லா ஞாபகத்தோடும் இருப்பார். பிள்ளைக்குத்தான் அவர் யாரோ. உலகம்மாளுக்குப் பின்னால் நின்ற ஜெசிந்தா, ஒரே அறையில் படுக்கிற தூத்துக்குடிப் பெண், முதுகில் ஒரு குத்து விட்டு, “ஏட்டி, நகரு, இடம் விடுதே,” என்றாள். இருபத்திரண்டு.

யாரைக் கொடுத்தோம் என்பது நினைவிருக்கக் கூடாது என்றுதான் சட்டம். ஆனால் பதின்மூன்று வயசுப் பிள்ளைகளிடம் எந்தச் சட்டம் நின்றிருக்கிறது? சேர்ந்த ஒரே வாரத்தில் அறைக்கு அறை கணக்கெடுப்பு நடந்துவிட்டது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் விரல் மடங்காது, அங்கே ஓட்டை. ஜெசிந்தாவுக்குத் தம்பி. அவள் நினைவில் ஒரு தொட்டில் ஆடுகிறது, அவளே பாட்டும் பாடுகிறாள், தொட்டிலுக்குள் ஒன்றும் இல்லை. உலகம்மாளுக்கு அம்மா முழுசாக இருந்தாள், தென்காசி வீடு முழுசாக இருந்தது, தரையில் மூன்று தட்டு இருந்தது. ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அவளுக்கு. ஆக அப்பாவைக் கொடுத்திருக்கிறாள். அப்பா என்ற சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தாள், வேறு யார் வீட்டுச் சொல்லோ போல இருந்தது. அது போகட்டும், அவர் எப்பேர்ப்பட்டவர் என்று ஓட்டையின் ஓரங்களைத் தடவித் தடவித் துப்பறிந்தாள். வீட்டு ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டுத் தொங்கியது நினைவிருந்தது, யாருடையது என்பது மட்டும் போய்விட்டது. கறுப்புக் கோட்டு என்றால் வக்கீல். மொட்டை மாடியில் வெள்ளைப் புறா நான்கு. வசதியும் பொழுதும் உள்ளவர்கள்தானே புறா வளர்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேக். தெரியாத பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்கை அவள் நாற்பது ஐம்பது தடவையாவது தின்றிருக்கிறாள். பெரிய பெரிய வீடுகள், பலூன், மெழுகுவர்த்தி, ஒரு முகமும் சொந்தமில்லை. ஊர் முழுக்கக் கூப்பிட்டு விருந்து வைக்கிற அளவுக்கு வேண்டப்பட்ட வக்கீல். அந்தக் கேக்கை அவள் ஒருநாளும் கூடத்தில் உட்கார்ந்து தின்றதில்லை, அடுப்படி வாசலில் நின்றுகொண்டே காகிதத் தட்டில் தின்றாள் என்பதும் நினைவில் இருக்கத்தான் செய்தது. அதை மட்டும் அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

ஜெசிந்தாவிடம், ஜெசிந்தா வழியாக எல்லாரிடமும், அப்பா வக்கீல் என்று சொல்லியாகிவிட்டது. உயரம் கேட்டார்கள், ஆறடி என்றாள். மீசை கேட்டார்கள், வைத்துக்கொள்ள மாட்டார் என்றாள். வாயைத் திறந்தால் பொய் தானாக நடந்து வந்தது, அதுவும் பொய் மாதிரியே இல்லை, எங்கோ கேட்டதைத் திருப்பிச் சொல்வது போல. சும்மா இருந்திருந்தால் அந்தப் பேச்சு ஆடியோடு ஓய்ந்திருக்கும். ஆனால் ஆவணியில் முதல் விளக்குப் பாடம் நடந்தது. உள்ளங்கையைக் குவித்து ஊதினால் சுடர் வர வேண்டும். ஜெசிந்தாவுக்குத் தீக்குச்சி உயரம் வந்தது, மற்றவர்களுக்கு விரல் உயரம். உலகம்மாள் ஊதியபோது சுடர் விட்டத்தைத் தொட்டு, கூரை ஓடுகளைக் கருக்கி, குடியிருந்த இரண்டு பல்லிகளை வெளியே ஓட வைத்தது. வகுப்பே வாயைப் பிளந்தது. பாடம் நடத்திய வாத்தியார் கருகின ஓடுகளைப் பார்த்துவிட்டு, “யாரைம்மா விட்டுட்டு வந்திருக்க? அந்த மனுஷன் கொடுத்து வச்சவரு,” என்றார். அன்றிலிருந்து அவள்தான் முதல். புரட்டாசியில் பனியைக் கத்தரித்தாள், ஐப்பசியில் கிண்ணத்துக்குள் மட்டும் மழை பெய்ய வைத்தாள், கார்த்திகையில் காக்கைகள் அவள் கேட்டதற்குப் பதில் சொல்லின. ஒவ்வொரு தடவையும் எல்லாரும் அப்பாவைத்தான் சொன்னார்கள், என்ன அப்பாடா, என்ன பாசம்டா என்று. பெருமையில் அவளுக்குத் தூக்கமே வராது. அப்பா மேல் உயிரை வைத்திருக்கிற பெண் என்ற பட்டம் அவளுக்கு அழகாகப் பொருந்தியது, கண்ணாடியில் பார்த்தாலும் தெரிந்தது. பதினெட்டு பேர். வரிசை இன்றைக்கு ஏன் இவ்வளவு வேகமாக நகர்கிறது, சாப்பாட்டு வரிசை ஒருநாளாவது இப்படி நகர்ந்ததுண்டா?

தை மாதத்துக்குப் போகக் கூடாது, தை மாதம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவள் தை மாதத்துக்குப் போய்விட்டாள். எப்போதும் இப்படித்தான். வேறு எதையாவது நினைப்போம், அரையாண்டுப் பரீட்சையை நினைப்போம் என்று கிளம்பினாலும் மனசு பள்ளிக்கூடத்தைச் சுற்றிவிட்டு அந்த வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்துவிடும். பொங்கல் கழிந்த ஞாயிறு, வீட்டார் வந்து பார்க்கிற நாள். அம்மா வந்தாள். அம்மாவோடு ஓர் ஆள் வந்தார், ஒல்லி, தலைக்குப் போட்ட சாயம் காதோரம் இறங்கியிருந்தது, ஒட்டினது போல மெல்லிசாக ஒரு மீசை. “ஊர்க்காரவுக. பஸ்ஸுக்குத் துணைக்கு வந்தாக,” என்றாள் அம்மா, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு. அவர் நின்ற நிலையில் உலகம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் திரும்பிப் பார்த்தால் செருப்பைப் பார்த்தார். ஜெசிந்தாவும் இன்னும் ஐந்தாறு பேரும் பலகாரத்துக்கு வந்து சூழ்ந்துகொண்டதும் அந்த மனுஷருக்கு என்ன தோன்றியதோ, சட்டையின் கைப்பட்டியை மடித்துவிட்டுக்கொண்டு, “பிள்ளைகளா, ஒரு வித்தை காட்டட்டா, பாக்கீகளா?” என்றார். மந்திரம் படிக்கிற பிள்ளைகளிடம் வித்தை காட்டுகிறாராம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, காட்டுங்க காட்டுங்க என்றார்கள். ஒரு சிவப்புப் பட்டுத் துணியை எடுத்து இடது கைக்குள் திணித்தார், வலது பெருவிரலால் அமுக்கினார், ஊதினார், விரித்தார். கை காலி. அவர் முகத்தில் என்ன ஒரு சந்தோஷம் அப்போது. அவர் பார்த்தது உலகம்மாளை மட்டும்தான். அவள் எழுந்தாள். எதற்கு எழுந்தாள்? உட்கார்ந்தே இருந்திருக்கலாம். எழுந்து போய், “அது பெருவிரல் இல்ல, ரப்பர் உறை. துணி அதுக்குள்ள இருக்கு,” என்று சொல்லி அவருடைய வலது பெருவிரலைப் பிடித்து இழுத்தாள். உறை அவள் கையோடு வந்துவிட்டது, அதிலிருந்து சிவப்புத் துணி நாக்கைப் போல வெளியே தொங்கியது. ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் கீழே உட்கார்ந்துவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “இது நெஜ மந்திரம் படிக்கிற எடம். ஏமாத்துறவங்களுக்கு இங்க என்ன வேலை?” என்று கேட்டாள். நேருக்கு நேர், அவர் கண்ணைப் பார்த்து, ஜோராக. அவர் வெறும் பெருவிரலை மற்றக் கையால் மூடிக்கொண்டார், சட்டை போடாத ஆள் சட்டென்று உடம்பை மூடிக்கொள்வதைப் போல. பிறகு சிரித்தார். “பாப்பா கெட்டிக்காரி. இருவது வருசத்துல ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல,” என்றார். அம்மா குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு ஊர்க்காரரைக் கொஞ்சம் அவமானப்படுத்திவிட்டாள், இவ்வளவுதானே. எல்லாப் பிள்ளைகளும் செய்கிற காரியம். இதற்காக மூன்று மாதமாகச் சோறு இறங்காமல் இருக்குமா? இருந்தது. மாசி முழுக்க அவளை ஒரு கேள்வி பிடுங்கித் தின்றது. உறை என்று எப்படித் தெரிந்தது? பார்த்துத் தெரியவில்லை. அது தத்ரூபமான விரல், நகம்கூட இருந்தது. மந்திரத்தால் தெரியவில்லை, அந்தப் பாடம் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. இழுப்பதற்கு முன்னாலேயே, எழுந்து நடக்கிறபோதே, உறைக்குள் முகப்பவுடர் வாசனை அடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அடித்தது. வழுக்கிப் போட வேண்டும் என்று உள்ளே பவுடர் தட்டுவார்கள், அதிகம் தட்டினால் கழன்று விழும், ஒரு சிட்டிகை போதும். இது யார் சொல்லித் தந்தது? அவளுடைய விரல்களுக்குத் தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. அப்படியானால் என்று மனசு ஓர் அடி எடுத்து வைக்கும், உடனே அவள் சட்டத்தை எடுத்து நீட்டுவாள். கொடுக்கப்பட்டவர் வருஷம் முடியும்வரை பிள்ளையைப் பார்க்க வரக் கூடாது. வந்து, பிள்ளை அவரை இன்னார் என்று கண்டுகொண்டால் குடுவை விரிசல் விட்டுவிடும், பிறகு எக்காலத்துக்கும் நினைப்பு திரும்பாது. அவ்வளவு ஆபத்து இருக்கும்போது எந்த அப்பா வருவார்? வர மாட்டார். அதனால் அவர் அப்பா இல்லை. அதனால் அவர் யாரோ. மீசை வைத்த யாரோ. கறுப்புக் கோட்டை வித்தைக்காரரும் போடுவார், புறாவை வித்தைக்காரரும் வளர்ப்பார், வித்தைக்காரரைத்தான் ஊரில் எல்லாப் பிறந்தநாளுக்கும் கூப்பிடுவார்கள், கூப்பிட்டு வேலை முடிந்ததும் அடுப்படி வாசலில் வைத்துக் கேக்குக் கொடுப்பார்கள். இல்லை. அவர் வக்கீல். ஆறடி. பதினொரு பேர் இருக்கிறார்கள், பன்னிரண்டா? கணக்கு விட்டுப்போயிற்று. இது என்ன கேவலம், ஒருத்தர் அப்பாவாக இருந்துவிடக் கூடாதே என்று சாமியைக் கும்பிடுகிற பிள்ளை உலகத்தில் வேறு எங்காவது உண்டா? அதுவும் அப்பாவின் மேல் உயிரையே வைத்திருக்கிற பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. குடுவையைக் கட்டாயம் திறந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. மேசைக்குப் போனதும் வடிவு டீச்சர் கேட்பார்: திறக்கவா, இருக்கட்டுமா? இருக்கட்டும் என்று சொன்னால் நூலை அவிழ்க்காமல் அப்படியே அலமாரியில் வைத்துவிடுவார்கள், அடுத்த வருஷமும் அதே பலம், இன்னும் கூடவே ஊறியிருக்கும். திறந்துவிட்டால் அடுத்த ஆனியில் புதுசாக ஒரு மூச்சு, ஆரம்பத்திலிருந்து. அதனால் முதல் மார்க்கு வாங்குகிற பிள்ளைகள் பெரும்பாலும் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறார்கள். மூன்று வருஷம் திறக்காத குடுவைக்குள் எல்லாம் மந்திரமாகவே கரைந்து, நினைப்பு ஒன்றும் மிஞ்சாது என்பதையும் சொல்லித்தான் கேட்கிறார்கள், யாரும் ஏமாற்றவில்லை. நான்காம் ஆண்டில் ஒரு அக்கா இருக்கிறாள், மலையிலிருந்து மலைக்குத் தாவுகிற அளவுக்கு மந்திரம். வருஷக் கடைசியில் அவளுடைய அம்மா வாசலில் வந்து நிற்பார், அக்கா அவரிடம், யாரைப் பாக்கணும், உள்ள போய்ச் சொல்லட்டுமா என்று மரியாதையாகக் கேட்பாள். அதைப் பார்த்து உலகம்மாள் போன வாரம் அழுதாள், இன்றைக்கோ அந்த அக்காவைப் போல ஆகிவிட்டால் என்ன நிம்மதி என்று தோன்றுகிறது. முன்னால் நின்ற பையன் உள்ளே போனான், அரை நிமிஷத்தில் வெளியே வந்தான். “இருக்கட்டும்னு சொல்லிட்டேன்,” என்று யாரும் கேட்காமலே சொன்னான். முகத்தில் ஒரு பாரமும் இல்லை. அவளும் அதையே சொல்லிவிடலாம், ஒரே ஒரு சொல். அப்பா வக்கீலாகவே இருந்துவிடுவார், வேப்பமரத்தடி ஆள் ஊர்க்காரராகவே இருந்துவிடுவார், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இன்னும் ஒரு வருஷம், பன்னிரண்டு மாதம், இந்த நினைப்போடு படுத்து இந்த நினைப்போடு எழுந்திருக்க வேண்டும். அவர்தானா, அவர் இல்லையா. திறந்தால் ஒருவேளை ஆறடி உயரத்தில் ஒரு வக்கீல் வெளியே வந்து, யாரம்மா அந்த ஆள், எனக்குத் தெரியாதே என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு ஆசைதான் அவளை உள்ளே தள்ளியது. அப்பாவைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவள் போகவில்லை, இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. அந்த மனுஷர் தன் அப்பா இல்லை என்று ஊர்ஜிதம் செய்துகொள்ளத்தான் போனாள்.

வடிவு டீச்சர் மேசையில் குடுவை தயாராக இருந்தது. கைக்குள் அடங்குகிற அளவு. இதற்குள்தானா ஒரு ஆள், அதுவும் விட்டத்தைத் தொட்ட ஆள்? “திறக்கவா, இருக்கட்டுமா?” என்று கேட்ட டீச்சர், பதிலுக்குக் காத்திராமல் குடுவையை அலமாரிப் பக்கம் நகர்த்தினார். “நீ முதல் மார்க்கு. உனக்கு என்ன, இருக்கட்டும்தானே?” இருக்கட்டும் என்பது தொண்டைவரை வந்தது. “திறங்க டீச்சர்,” என்றாள். தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. டீச்சர் நூலை அவிழ்த்தார், மூடியை எடுத்து அவள் மூக்கருகே நீட்டினார். “மூச்சை உள்ள இழு. மெதுவா.”

முதலில் முகம் வரவில்லை. மடி வந்தது. ஐந்து வயசு, மடியில் உட்கார்ந்து ரப்பர் உறைக்குள் பவுடர் தட்டுகிறாள், ஒரு சிட்டிகை போதும் ராசாத்தி, ஒரு சிட்டிகை. பிறகு குரல், பிறகு வெற்றிலை வாசனை, பிறகு மொத்தமாக அவர், புரொபசர் முத்து, சாயத் தலையும் மெல்லிசு மீசையுமாக, கறுப்புக் கோட்டுக்குள் இரண்டு புறாவைத் திணித்துக்கொண்டு பஸ்ஸில் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறார். அவர்தான். வேறு யாராக இருக்கும்? ஜிகினா ஒட்டிய பாவாடையில் அவள் தட்டு ஏந்தி நிற்கிறாள், அப்பாவின் உதவியாளர் பேபி உலகு, கை தட்டுங்கள். எத்தனை ஆசையாக நின்றாள், ஆறாம் வகுப்பில் சொந்த வகுப்புப் பெண்ணின் பிறந்தநாளுக்கு அதே பாவாடையோடு போய் நிற்கும்வரை. அதற்குப் பிறகு அவள் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. இதெல்லாம் வந்தது, தாங்கிக்கொண்டாள். கடைசியாக வந்ததுதான் தாங்கவில்லை. ஆனி மாதம், வாசல் கல். யார் இல்லாமல் உன்னால் இருக்கவே முடியாதோ. அம்மா என்றுதான் அவளுக்கு உடனே வந்தது, யோசிக்கவே இல்லை, அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் அப்பா காவலாளியின் தொப்பிக்குள்ளிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் காட்டுகிறார், மந்திரப் பள்ளி வாசலில், நிஜ மந்திரவாதிகளுக்கு முன்னால், காரில் வந்து இறங்கிய அத்தனை பெற்றோர்களும் பார்க்க. ஒரு வருஷம், என்று அவள் நினைத்தாள். ஒரு வருஷம் இந்த மனுஷன் என் நினைப்பில் இல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அம்மாவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, “அப்பா” என்றாள். உயிரான ஆளைக் கேட்ட இடத்தில் வேண்டாத ஆளைத் தள்ளிவிட்டாள். பள்ளியை ஏமாற்றிவிட்டதாகக்கூட ஒரு துள்ளல். எலுமிச்சம்பழம் அவர் கையிலிருந்து கீழே உருண்டது. அவர் எதையும் கீழே விட்டு அவள் பார்த்ததில்லை. “என்னையா?” என்றார். வாசல் கல்லில் இருந்ததை மறுபடியும் படித்தார், உதட்டை அசைத்து, எழுத்து எழுத்தாக. பிறகு அம்மாவைப் பார்த்து, “கேட்டியா ராமாத்தா, என்னைத்தான் சொல்லுதா. ஒன்னச் சொல்லல, என்னைச் சொல்லுதா,” என்றார். காவலாளியிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற காரோட்டியிடம் சொன்னார். வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, குடுவைக்குள் போகிற கடைசிக் கணம்வரை, யாராரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷமாக அவர் அதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். தென்காசியில் எந்தப் பிறந்தநாள் வீட்டில் எல்லாம் சொன்னாரோ, எம்பொண்ணு உயிருன்னா நாந்தான் என்று. அந்த நம்பிக்கையில்தான் தையில் வந்தார். வந்ததற்கு அவள் கொடுத்த மரியாதை என்ன? ஏமாத்துறவங்களுக்கு இங்க என்ன வேலை. யார் ஏமாற்றுக்காரர்? அறையை விட்டு நடைக்கூடத்துக்கு வந்து நின்றாள். இன்னொன்றும் உள்ளே குடைந்தது. வேண்டாத ஆளைக் கொடுத்தால் சுடர் விட்டத்தைத் தொடாது. தீக்குச்சி உயரம்கூட வராது. அப்படியானால் வேண்டாதவர் என்று வாசலில் தனக்கே பொய் சொல்லிக்கொண்டது அவள்தான், குடுவை பொய் சொல்லவில்லை. இதில் சந்தோஷப்பட வேண்டும் என்று ஒரு புத்தி சொல்லியது. சந்தோஷம் வரவில்லை. உயிரையே வைத்திருக்கிற ஆளைக் காரில் வந்த நாலு பேருக்காகத் தள்ளிவிட்டோம் என்றால், வேண்டாதவரைத் தள்ளியதைவிட அது இன்னும் கேவலம். வெட்கத்தில் காது மடல் எரிந்தது. “என்னட்டி, உங்கப்பா வந்துட்டாரா உள்ள?” என்று ஜெசிந்தா பின்னால் ஓடி வந்தாள், அழுத முகமும் சிரித்த முகமுமாக, தொட்டிலுக்குத் தம்பி கிடைத்துவிட்டான். “வா, வக்கீல் சாரைக் காட்டு. வெளிய வந்திருப்பாருல்லா?”

முற்றத்தில் கூட்டம். அம்மா வேப்பமரத்தடியில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அவளிடமிருந்து பத்தடி தள்ளி, எந்தச் சம்பந்தமும் இல்லாதவர் போல, அவர் நின்றார், வெள்ளைச் சட்டை, முழுக்கை. குடுவையை மகள் திறந்தாளா இல்லையா என்பது வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. ஜெசிந்தாதான் முதலில் பார்த்தாள். “ஏட்டி, அந்த ரப்பர் விரல் ஆளு!” என்று சத்தமாகச் சொன்னாள். அவருக்குக் கேட்டிருக்கும், கேட்டது. அவர் இவர்களை நோக்கி இரண்டு அடி வந்தார், ஜெசிந்தாவைப் பார்த்தார், உலகம்மாளைப் பார்த்தார், அப்புறம் அந்நியருக்குரிய மரியாதையோடு கையை நீட்டி வழி காட்டினார். “பாப்பா, உங்க அம்மா அந்தா நிக்காக. போங்க.” போய்விடலாம். அவரே வழி விட்டிருக்கிறார். தெரியாதவர் போல நடந்து போனால் அவர் ஒரு சொல் சொல்ல மாட்டார், ஊர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்து வருவார். உலகம்மாள் போகவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்து ஒரு சொல் சொல்ல வேண்டும். கழுத்து நிமிர மறுத்தது. தையில் எவ்வளவு சுலபமாகப் பார்த்தாள், கண்ணோடு கண், இமைக்காமல். இப்போது அவருடைய செருப்புக்கு மேல் அவளால் பார்வையை உயர்த்த முடியவில்லை, தலை குனிந்துகொண்டே போயிற்று, தாடை நெஞ்சில் முட்டியது. “யாருட்டி இவரு?” என்று ஜெசிந்தா கேட்டுக்கொண்டிருந்தாள். நீட்டிய கை நீட்டியபடியே அந்தரத்தில் நின்றது. அவர் அவளுடைய குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ எவரோ தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், முகம் சுளிப்பார்கள், இருபது வருஷமாகப் பார்த்துப் பழகினதுதான். தன் முன்னால் இப்படி வெட்கப்பட்டு நிற்பதற்கு ஒரே ஒருத்தியால்தான் முடியும். அவருக்குப் புரிந்துவிட்டது. “ஏ ராமாத்தா,” என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி அம்மாவைக் கூப்பிட்டார், குரல் சந்தோஷத்தில் உடைந்துபோயிற்று, “இங்க வாயேன், பிள்ளைக்கு என்னைத் தெரிஞ்சிட்டு!”